அடுப்படியைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியவர் யார்?



"சமையல் கத்துக்கவா சார் மொரோக்கோ வரைக்கும் போனீங்க? வீட்டுல அம்மா இல்லையா?"

ஆண்டிறுதி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியர் அறையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் நல்ல நண்பர், வேடிக்கைக்காகத்தான் கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்து வைத்தேன். ஆனால், அந்த ஒரு வரிக்குள் எத்தனை கருத்துகள் ஒளிந்திருக்கின்றன, பாருங்கள். சமையல் என்பது கற்க வேண்டிய ஒரு கல்வியே இல்லையாம். அது தாய்மார்களின் வேலையாம். ஆண்மகன், அதிலும் ஓர் ஆசிரியன், காசு கொடுத்து அதைக் கற்பது நகைப்புக்குரியதாம். இவற்றை அன்றே மறுத்திருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்து மேற்கொண்ட பயணம் அது. மராகேஷ் நகரின் பழைய மதில்களுக்குள், மதீனா எனப்படும் பகுதியில், ஒரு வீட்டின் நடுமுற்றத்தில் அரைநாள் சமையல் வகுப்பு. இருவருக்கும் சேர்த்து நம் பணத்தில் நானூறு வெள்ளிக்கு மேல் ஆயிற்று. கற்பித்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். பெரிய வீடுகளில் சமைத்துவந்த பெண்களை அந்நாட்டில் 'தாதா' என்று அழைப்பது வழக்கம். இன்று அது மரியாதைப் பெயராகவே வழங்குகிறது. (நம் திரைப்படங்கள் கற்பித்த 'தாதா' வேறு. முதல் பத்து நிமிடம் என் மனைவி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.) அவருக்கு அரபு மொழியின் மொரோக்கோ வழக்கு மட்டுமே தெரியும். உறவுக்கார இளம்பெண் ஒருவர் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவன் நான். எங்கே சென்றாலும், யார் எதைக் கற்பித்தாலும், பாடத்தைவிடக் கற்பிக்கும் முறையைத்தான் என் கண் முதலில் பார்க்கும். அந்த அம்மையார் எந்த ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலும் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் நடத்திய பாடத்தில் ஒரு குறையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எடுத்தவுடன் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை அவர். பொருள்களை ஒவ்வொன்றாக எங்கள் கையில் கொடுத்தார். கசக்கி முகரச் சொன்னார். பெயரைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். சீரகம் அங்கே 'கமூன்'. பல மசாலைகளைக் கலந்த பொடிக்கு 'ரஸ் எல் ஹனூத்' என்று பெயர். 'கடையின் தலை', அதாவது கடைக்காரரிடம் உள்ளவற்றுள் தலைசிறந்தது என்று பொருளாம். இஞ்சிக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஸ்கின்ஜ்பீர்'. அரபு மொழியின் 'ஸன்ஜபீல்', ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' எல்லாம் நம் 'இஞ்சிவேர்' என்ற சொல்லை வேராகக் கொண்டவை என்று மொழியியல் அறிஞர்கள் கூறுவர். அச்சொல்லை அந்த முற்றத்தில், முன்பின் அறியாத ஒரு மூதாட்டியின் வாயில் கேட்டபோது, எனக்கு மெய்சிலிர்த்தது. நம் சொல் கடல் கடந்து, பாலைவனம் கடந்து, ஒரு சமையலறையில் இத்தனை நூற்றாண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது. சமையலறை சொற்களைக் காக்கும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னர் இதற்கு வருகிறேன்.

நான் குறிப்பேட்டைத் திறந்து, "எத்தனை கிராம்?" என்று கேட்டேன். மூடச் சொன்னார். "உன் கண்ணே உன் தராசு" என்றார். அது அவர்கள் நாட்டு வழக்காம். கண்ணளவு, கையளவு என்று நம் பாட்டிமார் சொன்னதுதானே!

உப்பிட்டு ஊறவைத்த எலுமிச்சையும் ஆலிவ் காயும் சேர்த்த கோழிக்கறி செய்தோம். 'தஜின்' என்பது அந்தக் கறிக்கும் பெயர், அது வேகும் மண்சட்டிக்கும் பெயர். கூம்பு வடிவ மூடி. ஆவி மேலே சென்று, குளிர்ந்து, மீண்டும் கறியின் மேலேயே இறங்கும். அறிவியலில் நாம் ஆவியாதல், நீர்மமாதல் என்று படம் வரைந்து கற்பிப்பது அந்தச் சட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது. அது ஒருபுறம் இருக்கட்டும்.

கறி வேகும் நேரத்தில் 'ஸாலூக்' என்ற ஒன்றைச் செய்யக் கற்பித்தார். கத்தரிக்காயை நெருப்பிலே சுட வேண்டும். தோல் கருகி வெடித்ததும் உரித்து, தக்காளி, பூண்டு, சீரகத்தூள், எண்ணெய் சேர்த்து மசிக்க வேண்டும். அவர் கத்தரிக்காயை நெருப்பில் வைத்தார். தோல் கருகும் வாசம் எழுந்தது. நான் மராகேஷில் இல்லை.

கோலா தெர்லாவைத் தாண்டி, கம்போங் ராஜாவுக்கும் அப்பால், தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் பாட்டி அந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். கவாத்து செய்த தேயிலைக் கட்டைகளை உலர்த்தி விறகாக வைத்திருப்பார். மாலையில் அந்தத் தணலுக்குள் கத்தரிக்காயைப் புதைப்பார். உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், புளி, கல்லுப்பு சேர்த்துக் கையாலேயே பிசைவார். சுடுசோற்றுக்கு அது ஒன்றே போதும். அதை ஆயிரம் முறை உண்டிருப்பேன். எப்படிச் செய்வதென்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் புளூமின் படிநிலைகளை நான் மனனம் செய்துகொண்டிருந்த ஆண்டில் அவர் மறைந்தார்.

ஏழாயிரம் மைலுக்கு அப்பால் சென்று, பணம் கட்டி, என் பாட்டியின் சுட்ட கத்தரிக்காயைக் கற்று வந்தேன். நண்பர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். சிரிக்க வேண்டுமானால் இதற்குச் சிரிக்கலாம்.

இன்னொன்றும் அங்கே நினைவுக்கு வந்தது. எங்கள் மலையில் இரவுக் குளிர் 16 பாகை வரை இறங்கும். சமவெளியில் இரவு ஆட்டி வைத்த தோசைமாவு காலையில் பொங்கி நிற்கும், இங்கே பொங்காது. பாட்டி மாவுப் பானையைப் பழைய கம்பளியில் சுற்றி, அணையும் அடுப்பின் ஓரத்தில் வைப்பார். எந்தப் பக்கம் வைப்பது, எவ்வளவு தொலைவில் வைப்பது, மழை இரவானால் என்ன செய்வது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த அறிவன்று அது. இந்த மலையில், இந்தக் குளிரில், நம் பெண்கள் தாமே கண்டுபிடித்தது. அதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஏனென்றால், எழுதத் தெரிந்த நாங்கள் அதை அறிவு என்று கருதவில்லை.

நிற்க. வகுப்பறைக்கு வருவோம்.

பயணம் முடிந்து வந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். கரும்பலகையில் சில வினைச்சொற்களை எழுதினேன். தாளித்தல், வதக்குதல், வறுத்தல், அவித்தல், கிளறுதல், கடைதல், புடைத்தல், கொழித்தல், களைதல், வடித்தல். ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்க வாக்கியம் அமைக்க வேண்டும்.

வறுத்தல், தாளித்தல் இரண்டும் ஓரளவு தேறின. புடைத்தலையும் கொழித்தலையும் ஒருவரும் அறியவில்லை. களைதலுக்கு ஒரு மாணவன், "அப்பா கோபித் தோட்டத்தில் களைகிறார்" என்று எழுதியிருந்தான். முட்டைக்கோஸ் தோட்டத்தில் புல் பிடுங்குவதைச் சொல்கிறான். அரிசி களைவது அவனுக்குத் தெரியாது. வடித்தலுக்குப் பலரும் எழுதிய வாக்கியம் என்ன தெரியுமா? "அவள் கண்ணீர் வடித்தாள்." நாம் கட்டுரைக்கென்று மனப்பாடம் செய்ய வைத்த சொற்றொடர்! கண்ணீர் வடிக்கக் கற்பித்துவிட்டோம். கஞ்சி வடிக்கக் கற்பிக்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கஞ்சி வடிக்கும் வீடு இன்று இல்லை, மின்குக்கர் வந்துவிட்டது. ஆனால், வினை மறைந்தால் சொல்லும் மறையும். மொழி வாழ்த்துப் பாடியும், மொழி விழா எடுத்தும் சொற்களைக் காப்பாற்ற முடியாது. கை செய்யும் வேலையில்தான் சொல் தங்கும். 'ஸ்கின்ஜ்பீர்' தங்கியது அப்படித்தான். தமிழ்ப்பள்ளியில் தமிழ் தளர்கிறதே என்று மேடைதோறும் வருந்துகிறோம். ஆண்டு முழுவதும் செயற்பாங்குக் கட்டுரையைத் தாளில் எழுத வைக்கிறோம். "முதலில் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்" என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. அப்பிள்ளை தன் வாழ்நாளில் அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. இது கல்வியா?

சொல்லைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு.

என் வகுப்பில் ஒரு மாணவன். வயது பதினொன்று. பெற்றோர் இருவரும் காய்கறித் தோட்டத்தில் வேலை, இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். பல நாள் அவன் பசியாறாமல் பள்ளிக்கு வருவான். (தமிழ்நாட்டினர் 'டிபன் ஆயிற்றா' என்பார்கள், 'பசியாறியாச்சா' என்று கேட்பது நம் நாட்டுத் தமிழின் அழகு. அந்தச் சொல்லை நாள்தோறும் வாய் நிறையச் சொல்லிக்கொண்டே இப்படியும் இருக்கிறோம்.) ஒருநாள் ஓய்வுநேரத்துக்கு முன்பே மேகி மீயை வேக வைக்காமல், பொட்டலத்தைப் பிரித்து, நொறுக்கி மென்றுகொண்டிருந்தான். தனியே அழைத்துக் கேட்டேன். வீட்டில் அரிசி இருக்கிறது. முட்டை இருக்கிறது. வெங்காயம், எண்ணெய், மின்குக்கர் எல்லாம் இருக்கின்றன.

"அப்புறம் ஏன்யா நீயே செஞ்சு சாப்பிடக்கூடாது?"

"அக்கா இல்ல சார். ஹாஸ்டலுக்குப் போயிட்டாங்க."

அக்காள் இல்லை, ஆகவே சோறு இல்லை. அக்காளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் பத்து வயதிலிருந்து சமைத்திருக்கிறாள். அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அது அவள் தலையில் விழுந்தது. தம்பிக்கு யாரும் கற்பிக்கவில்லை. அது அவனுக்கு வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது. இந்த இரண்டு அநியாயங்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பின் முன் நடந்திருக்கின்றன. அந்தப் பையன் கணிதத்தில் கெட்டிக்காரன். பின்னங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ப்பான். ஒரு குவளை அரிசிக்கு எத்தனை குவளை நீர் என்பது அவனுக்குத் தெரியாது.

இதை நான் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். ஆண், பெண் இருபாலருக்கும் சனிக்கிழமைகளில் எளிய சமையல் கற்பிக்கலாம், தோட்டத்துப் பாட்டிமாரை ஆசிரியர்களாக அழைக்கலாம் என்றேன். எழுந்த மறுப்புகளில் ஒன்று மட்டும் என்னைச் சுட்டது. மற்றவை எளியவை, அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

நேரம் இல்லை என்றார்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டோடு நீக்கப்பட்டுவிட்டது. அந்தத் தேர்வு இருந்த காலத்தில் எதற்கும் நேரமில்லை என்றோம்; அது போன பின்பும் எதற்கும் நேரமில்லை என்கிறோம். அந்த நேரத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் நன்று.

கத்தியும் நெருப்பும் ஆபத்து என்றார்கள். உண்மை. ஆகவேதான் கற்பிக்க வேண்டும். ஜப்பானில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, வீட்டியல் கட்டாயப் பாடம். சோறு ஆக்கவும் மீசோ சூப் வைக்கவும் வகுப்பிலேயே கற்கிறார்கள். உணவுக் கல்விக்கென்றே 2005ஆம் ஆண்டில் அந்நாடு ஒரு சட்டமும் இயற்றியது. ஜப்பானியர்களின் ஒழுக்கத்தையும் நேரந்தவறாமையையும் நாம் சபைக்கூடலில் ஓயாமல் புகழ்கிறோம். அவர்களுடைய பிள்ளைகள் கையில் கத்தி பிடித்து முள்ளங்கி நறுக்குவதை மட்டும் சொல்ல மாட்டோம்.

ஆண்பிள்ளைக்கு எதற்கு என்றார் ஒருவர். மராகேஷில் 'தஞ்ஜியா' என்றொரு பெயர்பெற்ற உணவு உண்டு. மண்குடுவைக்குள் இறைச்சி, பூண்டு, சீரகம், ஊறிய எலுமிச்சை எல்லாம் போட்டு, வாயைத் தாளால் கட்டி, பொதுக் குளியலறைக்கு வெந்நீர் காய்ச்சும் உலையின் சாம்பலில் மணிக்கணக்காகப் புதைத்து வைப்பார்கள். அது ஆண்கள் சமைக்கும் உணவு. கைவினைத் தொழிலாளர்களும் மணமாகாத இளைஞர்களும் செய்துவந்தது. அங்கே அதைச் சொல்லும்போது எந்த ஆணும் கூச்சப்படவில்லை. அவ்வளவு தொலைவு ஏன்? நன்றாகச் சமைத்தால் நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். இருவரும் ஆண்கள்தாமே! நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கடாரத்தில் சோறாக்குவோர் யார்? ஆண்கள்தாம். ஊருக்குச் சமைத்தால் பெருமை, வீட்டுக்குச் சமைத்தால் இழிவு என்று நமக்கு யார் கற்பித்தார்கள்?

இனி, என்னைச் சுட்ட மறுப்பு. ஒரு தாய் எழுந்தார். காலையில் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு அப்படியே வந்திருந்தார். கையில் மண் இன்னும் போகவில்லை.

"சார், நாங்க அடுப்படியிலயும் தோட்டத்துலயும் கெடந்தது போதும். எம்புள்ள அங்க போகக்கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். நீங்க மறுபடியும் அங்கயே தள்ளுறீங்களே."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் பாட்டியும் இதையேதான் சொன்னார். "நீ கூடை தூக்கக்கூடாதுய்யா" என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை ஆசிரியனாக்கினார். அடுப்படிப் பக்கம் நான் போனாலே, "போ, போய்ப் படி" என்று விரட்டுவார். அவர் விரட்டியது அன்பினால். அந்தத் தாய் எழுந்து நின்றதும் அன்பினால். மூன்று தலைமுறை கூலிவாழ்க்கையில் புகையும் பனியும் தின்ற பெண்கள் அடுப்பைச் சிறையாகவே அறிந்திருக்கிறார்கள். நான் மராகேஷில் விடுமுறையாகச் சமைத்துப் பார்த்துவிட்டு வந்து அவர்களுக்கு அடுப்பின் பெருமையைச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். வரவேண்டும்.

ஆயினும் அம்மா, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. அடுப்பு சிறையானது அதில் நீங்கள் ஒருவரே நின்றதனால். கணவர் ஒருநாள் நின்றிருந்தால், மகன் ஒருநாள் நின்றிருந்தால், அது சிறையாக இருந்திருக்குமா? உங்கள் மகளை அடுப்படியிலிருந்து விடுவிக்க வேண்டுமானால் உங்கள் மகனுக்குச் சமைக்கக் கற்பிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினோம், படித்தாள், ஆசிரியை ஆனாள். மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பி அடுப்பின் முன் நிற்கிறாள். இந்த நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியைகளைக் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மொரோக்கோவில் நான் கண்ட மற்றொரு செய்தியும் இதனோடு சேர்ந்தது. மராகேஷில் 'அமால்' என்றொரு நிறுவனம் பத்தாண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. அமால் என்றால் நம்பிக்கை. ஆதரவற்ற பெண்களுக்கு முறையாகச் சமையல் பயிற்சி அளித்து வேலைக்கு அனுப்புகிறார்கள், உணவகம் நடத்துகிறார்கள், வெளிநாட்டார்க்கு வகுப்பும் எடுக்கிறார்கள். கணவனாலும் உறவினராலும் கைவிடப்பட்ட பெண் கையில் இருந்த ஒரே அறிவு சமையல். அதைத் தொழில் என்று மதித்துச் சம்பளம் கொடுத்தவுடன் நிலைமை மாறுகிறது. எங்களுக்குக் கற்பித்த அம்மையாரும் வகுப்பு முடிந்ததும் கட்டணத்தைத் தலைநிமிர்ந்து வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னோம், "நீங்கள் நன்றாகக் கற்றீர்கள்" என்று ஆசிரியராகவே பதிலுரைத்தார்.

எங்கள் கேமரன் மலையைப் பாருங்கள். 1929இல் போ தோட்டம் தொடங்கியது முதல் இந்த மலைச்சரிவுகளில் தேயிலையை நட்டதும் கிள்ளியதும் பெரும்பாலும் தமிழர் கைகள். இன்று அந்த வேலையில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் மிகுதி, இயந்திரமும் வந்துவிட்டது. விடுமுறை நாள்களில் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங், திரிங்காப் வரை வண்டிகள் நகர இடமில்லாமல் நிற்கின்றன. வருவோர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு என்ன உண்கிறார்கள்? ஆங்கிலேயரின் ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும்! தோட்டத்துரை உண்டது மலையின் அடையாளம் ஆகிவிட்டது. கொழுந்து கிள்ளியவர் உண்டது எங்கே? நம் கடைகளில் தோசையும் வாழையிலைச் சோறும் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. அவை எந்தப் பட்டணத்திலும் கிடைக்கும். கம்பளி சுற்றிய மாவுப்பானையும், தேயிலைக் கட்டைத் தணலில் சுட்ட கத்தரிக்காயும், லயத்து வேலியோரம் பறித்த பூசணி இலைக் கூட்டும் இந்த மலைக்கே உரியவை. அவற்றை ஒரு பயணிக்குக் கற்பித்துப் பொருளீட்டிய பாட்டி ஒருவரையும் நான் அறியேன்.

தேநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மொரோக்கோவினர் குடிக்கும் பச்சைத் தேயிலை பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. 19ஆம் நூற்றாண்டில்தான் அது மக்களிடையே பரவிற்று. ஆயினும் புதினா இலையும் சர்க்கரையும் இட்டு, உயரத்திலிருந்து நுரை வர ஊற்றும் அந்த முறையை அவர்கள் தம் நாட்டின் முகமாகவே ஆக்கிவிட்டார்கள். நான் தேயிலை மலையிலிருந்து வருகிறேன் என்று அந்த அம்மையாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். "அப்படியானால் உங்கள் முறையைக் காட்டுங்கள்" என்றார். நூல் கட்டிய தேயிலைப் பைதான் என் நினைவுக்கு வந்தது. மானத்தைக் காத்தவர் என் மனைவி. இரண்டு குவளைகளை எடுத்துத் தேநீரை உயர்த்தி ஆற்றிக் காட்டினார். அம்மையார் கைதட்டிச் சிரித்தார். 'ஆற்றுதல்' என்ற சொல்லையும் திருப்பிச் சொன்னார். 'ற்ற' சரியாகவே வந்தது.

மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா, மொரித்தேனியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து 2020இல் தம் கூஸ்கூஸ் உணவு மரபை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன. நம் நாட்டின் பசியாறும் பண்பாடும் 2024இல் அதே பட்டியலில் இடம்பெற்றது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் பேசப்பட்டன. அச்செய்தி வந்த வாரத்தில் நாமும் புலனத்தில் மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொண்டோம். பகிர்ந்தோரில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொட்டி மாவு பிசையத் தெரியும்?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை, எட்டுப் பிள்ளைகளோடு இந்த முயற்சியை எப்படியோ தொடங்கிவிட்டேன். நான்கு பையன்கள், நான்கு பெண்கள். கோலா தெர்லாவில் மகன் வீட்டில் வசிக்கும், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பாட்டியை அழைக்கச் சென்றேன். "எனக்கு என்னா தெரியும் சார்? நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. என்னைப் போயி புள்ளைங்க முன்னாடி நிக்கச் சொல்றீங்களே" என்று மறுத்தார். கடைசியில் பேத்தியும் வகுப்பில் இருக்கிறாள் என்றதும் வந்தார்.

வந்தவர் பத்து நிமிடம் கூசி நின்றார். ஒரு பையன் அரிசியைக் களைந்த நீரைத் தொட்டியில் கொட்டப் போனான். "அடேய், கொட்டாதடா!" என்றொரு குரல் வந்தது பாருங்கள்! அதற்குப் பிறகு வகுப்பு அவருடையது. களைந்த நீர் செடிக்குப் போயிற்று. இரண்டாம் முறை களைந்தது புளி கரைக்கப் போயிற்று. கொழிப்பதற்குச் சுளகு பிடிக்கும் முறையை எட்டுப் பேருக்கும் கைபிடித்துக் காட்டினார். பாதி அரிசி தரையில். யாரையும் அவர் திட்டவில்லை. அந்த மேகி மீ பையன் ஆக்கிய சோறு குழைந்துவிட்டது. "கொழஞ்சா என்னடா, தயிர ஊத்திப் பெசஞ்சுக்க" என்றார். அவன் மூன்று முறை வாங்கி உண்டான்.

புறப்படும்போது உறையில் ஐம்பது வெள்ளி வைத்துக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். "சோறாக்கக் காட்டினதுக்குக் காசா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். மராகேஷில் நானூறு வெள்ளிக்கு மேல் எண்ணிக் கொடுத்தவன் நான். இங்கே என்னால் ஐம்பது வெள்ளியைக் கொடுக்க முடியவில்லை. பேத்தியின் புத்தகப்பையில் உறையைப் போட்டுவிட்டேன். மறுநாளே அது திரும்பி வந்துவிட்டது.

அவருக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டா என்று பின்னர் ஒருவர் கேட்டார். உணவு கையாள்வோருக்கான பயிற்சி, தடுப்பூசி என்று முறைகள் உள்ளன. அவை தேவையானவை, செய்துவிடலாம். ஆனால், அவர் கேட்டது அதையன்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வகுப்பு வரும் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு. பாட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை சுட்ட கத்தரிக்காய். தேயிலைக் கட்டை கிடைப்பது அரிதாகிவிட்டது. யார் வீட்டிலாவது பழைய கவாத்துக் கட்டை இருந்தால் ஒரு சிறு கட்டு போதும். கூட்டத்தில் எழுந்து பேசிய அந்தத் தாய் தன் மகனை அனுப்ப ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டத்திலிருந்து இரண்டு கிலோ கத்தரிக்காய் மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.